பேச்சு வேறு, பேரேடு வேறு

கேள்வி: அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் தம்பியும் மட்டும் தொடங்கினோம். இப்போது எங்களோடு சேர்த்து 14 பேர். ஆர்டர் எடுப்பது, டிசைனுக்கு ஒப்புதல் வாங்குவது, பணம் வந்த விவரம், டெலிவரி என்று எல்லாமே முதல் நாளிலிருந்து வாட்ஸ்அப்பில்தான். இன்று 37 குழுக்கள் இருக்கின்றன. போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு 3,000 பெட்டிகளுக்குப் பதில் 2,000 மட்டும் அடித்து அனுப்பிவிட்டோம். அவருடைய செய்தியில் 3,000 என்றுதான் இருக்கிறது. 2,000 என்று பார்த்ததாக எங்கள் ஆள் சத்தியம் செய்கிறார். இதற்கிடையில் விற்பனையைக் கவனித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் தன் சொந்த எண்ணில் யார் யாரிடம் பேசினார் என்றுகூட எங்களுக்கு முழுதாகத் தெரியவில்லை. நடு இரவில் எழுந்து போனைப் பார்க்கிறேன். மென்பொருள் வாங்கு என்கிறார் நண்பர். 'எல்லாம் குழுவிலேயே இருக்கிறதே, மறுபடி எதற்கு எழுத வேண்டும்' என்கிறான் தம்பி. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பை விடமாட்டார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 2,000, 3,000 தகராறுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ஆளைக் கடிந்துகொள்வதற்கு முன் அந்தச் செய்தியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அனுப்பிய நேரத்துக்குப் பக்கத்தில், திருத்தப்பட்டது என்று பொருள்படும் ஒரு சிறு சொல் இருக்கிறதா? 2023 முதல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் மாற்றி எழுத முடியும். மாற்றப்பட்டது என்று பெறுபவருக்குத் தனியாக அறிவிப்பு எதுவும் வராது. முன்பு என்ன எழுதியிருந்தது என்பதையும் அவரால் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் முதலில் 2,000 என்று எழுதியிருக்கலாம். உங்கள் ஆள் அதைப் பார்த்துத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போயிருக்கலாம். பத்து நிமிடம் கழித்து வாடிக்கையாளர் அதை 3,000 ஆக்கியிருக்கலாம். அப்படியானால் இருவர் சொல்வதும் உண்மை. அந்தச் சொல் இல்லை என்றால் உங்கள் ஆள் தவறாகப் படித்திருக்கிறார், அவ்வளவுதான். எப்படி இருந்தாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு தரப்பும் ஒரே எண்ணைப் பார்த்து 'ஆம், இதுதான்' என்று சொல்லிக்கொண்ட இடம் உங்கள் தொழிலில் எங்குமே இல்லை. போன மாதம் நடந்தது மீண்டும் நடக்கும். எந்த ஆளை மாற்றினாலும் நடக்கும்.

வெனிஸ் நகரத்து வணிகர்களின் கணக்கு முறையை 1494-இல் அச்சில் விளக்கியவர் லூகா பச்சோலி. அவர் மூன்று புத்தகங்கள் வேண்டும் என்றார். முதலாவது, நடப்பதை நடக்கிறபடியே குறித்துக்கொள்ளும் சிட்டை. கடையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். அதிலிருந்து ஒழுங்குபடுத்தி எழுதுவது நாள்வழி. நாள்வழியிலிருந்து அவரவர் தலைப்பில் ஏற்றுவது பேரேடு. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பிரிவினையின் நியாயம் மாறவில்லை. வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாம் மிக நல்ல சிட்டைகள். உங்களிடம் சிட்டை மட்டும்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை என்பதுதான் குறை. ஆகவே செயலியைத் தூக்கி எறியச் சொல்லப் போவதில்லை. வாடிக்கையாளர் விடமாட்டார் என்ற உங்கள் கவலையை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். அவர் பேசுகிற இடத்திலேயே பேசட்டும்.

தொடக்கத்தில் இது ஏன் சிக்கலாகத் தெரியவில்லை? நீங்கள் இருவர்தான் இருந்தீர்கள். இருவருக்கு நடுவில் ஒரே ஒரு பேச்சுவழி. ஐந்து பேர் ஆனபோது பத்து. 14 பேருக்கு நடுவில் 91 வழிகள். ஆட்கள் ஏழு மடங்கு கூடியபோது, யாரிடமிருந்து யாருக்கு ஒரு விவரம் போக வேண்டும் என்ற வாய்ப்புகள் 91 மடங்கு கூடிவிட்டன. நீங்கள் குழுக்களைக் கூட்டிக்கொண்டே போனது இதைச் சமாளிக்கத்தான். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளும் நாள்வழியும் பேரேடுமாக இருந்தது ஒன்றே ஒன்று, உங்கள் நினைவு. யாருக்கு எந்த அட்டை, யார் பாக்கி, யார் அவசரக்காரர் என்று உங்களைக் கேட்டால் தெரியும். இன்று 13 பேர் உங்களைக் கேட்கிறார்கள். நடு இரவில் எழுந்து போனைப் பார்ப்பது கெட்ட பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. பேரேட்டைத் தலைக்குள் வைத்திருப்பவருக்கு அது மறந்துவிடுமோ என்ற பயம் உறங்க விடாது. உங்கள் உடம்புக்கும் வீட்டுக்கும் இது செய்துகொண்டிருப்பதை நினைத்துத்தான் இந்தப் பதிலை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

நான் ஆலோசகராகப் போய்வந்த ஒரு நிறுவனத்தில் உரிமையாளருக்குத் திடீரென்று அறுவைச் சிகிச்சை. ஒன்பது நாட்கள் அவருடைய போன் அணைந்து கிடந்தது. அதைத் திறக்கும் எண் வேறு யாருக்கும் தெரியாது. பட்டறையில் இயந்திரங்கள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், சரக்கும் இருந்தது. எதை, யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நாளுக்குள் என்பது மட்டும் இல்லை. வேலை தெரிந்த அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

இனி உங்கள் தம்பி சொல்வதைப் பார்ப்போம். 'எல்லாம் குழுவிலேயே இருக்கிறது.' இருக்கிறது, உண்மைதான். குப்பையில் விழுந்த மோதிரமும் குப்பையில்தான் இருக்கிறது. அவரையே ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு முன் முடிந்த ஏதாவது ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு, அளவு, அட்டையின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), ஒப்புதலான டிசைன், அட்வான்ஸ், அனுப்பிய தேதி ஆகிய ஐந்தையும் போனிலிருந்து தேடி எடுக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குரல் செய்தியில் சொன்ன அளவு எழுத்துத் தேடலில் அகப்படுவதில்லை. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பிய அளவுத்தாளும் அப்படித்தான். 'சரி' என்ற ஒற்றைச் சொல் அகப்படும், நூற்றுக்கணக்கில் அகப்படும். அவற்றுள் எந்தச் 'சரி' எந்த டிசைனுக்கு? வாடிக்கையாளர் 'சரி' என்று எழுதியதற்கு மேலே நான்கு டிசைன்கள் வரிசையாக இருந்தால், அவர் நான்காவதை ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள், மூன்றாவதை ஒப்புக்கொண்டதாக அவர் சொல்வார். அச்சுத் தொழிலில் ஒரு 'சரி'யின் விலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. டிசைனைப் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. திரையில் பளிச்சென்று தெரியும். அச்சுக்கான பிளேட் போட்டால் எழுத்தின் ஓரம் கரையும். கோப்பாக, அதாவது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் மூலம் அப்படியே வரும். இதை உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

செய்தி அழியவும் செய்யும். அனுப்பியவர் இரண்டு நாளுக்கும் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் அதை எல்லோருடைய போனிலிருந்தும் நீக்கலாம். மறையும் செய்திகள் என்ற வசதியை யாராவது இயக்கி வைத்திருந்தால் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ தானாகவே போய்விடும். அந்த அமைப்பை எதிர்த்தரப்பே மாற்றி வைக்க முடியும். உங்கள் ஆதாரம் உங்கள் கையில் இல்லை என்பதுதான் இதன் பொருள். பெரிய நிறுவனங்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. ஊழியர்கள் சொந்தப் போனில் செய்தி அனுப்பி வணிகம் பேசினார்கள், நிறுவனமோ அந்தப் பேச்சைப் பதிவு செய்து பாதுகாக்கவில்லை. இதற்காக அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2022 செப்டம்பரில் 16 நிதி நிறுவனங்களுக்கு விதித்த அபராதம் மொத்தம் 110 கோடி டாலருக்கும் அதிகம். உங்கள் தொழிலுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் வரி அதிகாரி கேட்டாலும் வாடிக்கையாளர் வழக்கு போட்டாலும் நீட்ட வேண்டிய தாள் ஒன்றுதான்.

குழுவில் 14 பேருக்கும் நீல டிக் விழுந்தது, ஆனால் வேலை நடக்கவில்லை என்ற அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். சோம்பல் என்று யாரையும் திட்டாதீர்கள். 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஹெட்போனில் கேட்கும். தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் உதவிக்கு ஓடினார்கள். தன்னைப்போல் இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் ஓடியவர்கள் 31 சதவீதம்தான். உயிர் போகிற நிலையிலேயே இப்படி என்றால், 'அந்த லேமினேஷன் ரோல் தீர்ந்துவிட்டது, யாராவது சொல்லிவிடுங்கள்' என்று குழுவில் போட்ட செய்திக்கு என்ன கதி? பார்த்தேன் என்பது வேறு, ஏற்றேன் என்பது வேறு. செயலிக்கு முதலாவது மட்டும்தான் தெரியும்.

விலகிப்போன விற்பனையாளர் விஷயம். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர் எதையும் திருடவில்லை. சொந்த எண்ணில் பேசு என்று நீங்கள் விட்டிருந்தீர்கள், அவர் பேசினார். குழுவிலிருந்து அவரை நீக்கியிருப்பீர்கள். ஆனால் நீக்கிய நாள் வரை வந்த செய்திகளும் வாடிக்கையாளர்களின் முகவரிகளும் அவர் போனில் அப்படியே இருக்கும். மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு மணி நேரம் செலவழித்து, நிலுவையில் உள்ள ஆர்டர்களையும் வாடிக்கையாளர் எண்களையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள். பிறகு உங்கள் கணக்காளர் வைத்திருக்கும் இன்வாய்ஸ்களையும் டெலிவரி சலான்களையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், விடுபட்டவர்கள் தெரிந்துவிடுவார்கள்.

இந்த வாரமே நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கைத் தொடங்குங்கள். ஒரு முதன்மைப் போனோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம் என்பதால், விற்பனையில் இருப்பவர்கள் ஒரே எண்ணிலிருந்து பதில் சொல்ல முடியும். முதன்மைப் போனை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைந்த சாதனங்கள் வெளியேறிவிடும், அதை மறக்க வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் எண்ணைப் போட்டு, நிறுவனத்தின் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பின் எண் உங்களுக்கும் தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும். விலை உயர்வு போன்ற அறிவிப்பை பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பிவிட்டு எல்லோருக்கும் போய்விட்டது என்று நம்பாதீர்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். மொத்தமாகச் செய்தி அனுப்புகிற எண்ணைச் செயலி முடக்கிவிடுவதும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோனது. அப்படி ஒரு நாளில் உங்கள் பட்டறை ஓட வேண்டுமானால் வாடிக்கையாளர் எண்களும் ஆர்டர் விவரங்களும் செயலிக்கு வெளியே ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த 'ஓரிடம்' பற்றித்தான் இனிப் பேச வேண்டும். மென்பொருள் வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் எழுதும் பழக்கமே இல்லாத இடத்தில் மென்பொருளைக் கொண்டுவந்து வைத்தால், இரண்டு மாதத்தில் அதைத் திறப்பதை விட்டுவிட்டு எல்லோரும் குழுவுக்கே திரும்பிவிடுவார்கள். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். முதலில் இணையத்தில் பகிரக்கூடிய ஓர் எக்செல் தாள் போதும். ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. ஆர்டர் எண், வாடிக்கையாளர், பெட்டியின் நீளம் அகலம் உயரம், அது உள்ளளவா வெளியளவா, அட்டை, எண்ணிக்கை, ஒப்புதலான டிசைன் கோப்பின் பெயர், அட்வான்ஸ், கொடுக்க வேண்டிய தேதி, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் பொறுப்பு. 'யார் பொறுப்பு' என்ற கடைசிப் பத்தியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் எழுதினால் யாரும் இல்லை என்று பொருள்.

தாளைத் திறந்து வைப்பதால் மட்டும் எதுவும் நடக்காது. அதைக் காப்பாற்றுவது ஒரு விதி: ஆர்டர் எண் இல்லாத வேலைக்கு இயந்திரம் ஓடக் கூடாது. வாடிக்கையாளர் உங்கள் பள்ளித் தோழராக இருந்தாலும் சரி, அவசரம் என்று நீங்களே சொன்னாலும் சரி. சொல்லப்போனால் இந்த விதியை முதலில் மீறப்போவது நீங்கள்தான். ஆறு ஆண்டுகளாக 'நான் சொன்னேன் என்று போடு' என்று நடந்த பட்டறை அது. முதல் மாதம் நீங்களே தாளைப் பார்த்துவிட்டு வந்து பேசினால் மற்றவர்கள் தானாக வருவார்கள். வரியை ஏற்றும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, செய்திகளைப் பார்த்துத் தாளில் ஏற்றுவது அவர் பொறுப்பு. அதே விவரம் ஜாப் கார்டாக, அதாவது வேலை விவரச் சீட்டாக, அச்சாகி அட்டையோடு சேர்ந்து, பெட்டி வடிவில் வெட்டும் டை கட்டிங் வரை போகட்டும். துண்டுச்சீட்டு இனி இல்லை.

இது இரட்டை வேலை என்பார் தம்பி. அவரிடம் அந்தக் கடிகாரச் சோதனையின் விடையைக் காட்டுங்கள். ஒருமுறை எழுதும் மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்து, பத்துமுறை தேடுகிறோம்.

குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 37-இல் பெரும்பாலானவை முடிந்த ஆர்டர்களுக்காகத் தொடங்கியவையாக இருக்கும், அவற்றை மூடுங்கள். பட்டறைக்கு ஒன்று, டெலிவரிக்கு ஒன்று, எல்லோருக்குமான அறிவிப்புக்கு ஒன்று போதும். இயந்திரத்தில் நிறம் தப்பி அச்சாகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பி, இரண்டே நிமிடத்தில் நிறுத்தச் சொல்வதற்கு இந்தச் செயலியைவிட நல்ல கருவி இல்லை. அதை அந்த வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு வரும் செய்திக்குக் காலையில் பதில் வரும் என்று தானியங்கிப் பதிலை அமைத்துவிடுங்கள். நிறுவனத்தின் போன் இரவில் நிறுவனத்திலேயே இருக்கட்டும், உங்கள் படுக்கையறைக்கு வர வேண்டாம். தாள் நிரம்பத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் உறக்கம் திரும்பும். மறந்துவிடுமோ என்று பயப்பட எதுவும் தலைக்குள் மிச்சம் இருக்காது.

மூன்று மாதம் தாள் தவறாமல் நிரம்பினால், அதன் பிறகு மென்பொருள் விற்பவரைக் கூப்பிடுங்கள். அப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சொல்வீர்கள்.

கடைசியாக, அந்த 3,000 வாடிக்கையாளர். அவருக்கு மீதி 1,000 பெட்டிகளைப் போட்டுக் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாளின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும். வரியை ஏற்றிய கையோடு, புதிய எண்ணிலிருந்து அவருக்கு இப்படி ஒரு செய்தி போகட்டும். அளவும் பெயரும் எடுத்துக்காட்டுக்காக எழுதியிருக்கிறேன்:

"வணக்கம். உங்கள் ஆர்டர் எண் 1. அளவு 220 × 150 × 80 மி.மீ., உள்ளளவு. அட்டை 350 ஜிஎஸ்எம். எண்ணிக்கை 1,000. டிசைன்: இத்துடன் உள்ள 'பெட்டி-4' என்ற கோப்பு. இந்த விவரங்கள் சரி என்று ஆர்டர் எண்ணோடு நீங்கள் எழுதிய பிறகே அச்சு தொடங்கும். அதன் பிறகு ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால், பழைய செய்தியைத் திருத்தாமல் புதிய செய்தியாக அனுப்புங்கள்."